படத்தின் விளிம்பை ஒட்டித் தமிழ் வரிகளை ஓடவிடுவது எப்படி?

கன்னியாகுமரிக் கடல்நடுவே நிற்கும் வள்ளுவர் சிலையின் படத்தை ஒரு வலைப்பக்கத்தில் இடது ஓரமாக வைத்தால், பிரௌசருக்கு அது சிலை அல்ல, வெறும் செவ்வகம். தலைக்குப் பக்கத்திலுள்ள வானமும் தோளுக்கு மேலுள்ள வெற்றிடமும் படத்துக்கே சொந்தம் என்று எடுத்துக்கொண்டு, வரிகளை அந்தச் செவ்வகத்துக்கு வெளியே நிறுத்திவிடும். அந்த வெற்றிடத்துக்குள் வரிகளை இறக்கி, தோளையும் இடுப்பையும் ஒட்டி ஓடவிடுவதற்கென்றே சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியில், உள்ள பண்பு ஷேப்-அவுட்சைட். ஆங்கிலப் பக்கங்களுக்கு எழுதிய உதாரணங்களை அப்படியே தமிழுக்குப் போட்டால் வரிகள் பிய்ந்து தொங்கும். காரணம் பண்பில் இல்லை. தமிழ்ச் சொல்லின் நீளத்திலும் வரி உயரத்திலும் இருக்கிறது. அதனால் இங்கே எல்லா அளவுகளும் தமிழ் வரியை வைத்தே கணக்கிடப்பட்டுள்ளன: எழுத்து 18 பிக்சல், வரி உயரம் 30 பிக்சல். கி, கு போன்றவற்றின் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் இதைவிட நெருக்கினால் வாசிக்கக் கஷ்டம்.

பண்புகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஸ்டைல்ஷீட்டில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பிரௌசர் ஆதரவைப் பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை. குரோம் 2014-இல் 37-ஆம் பதிப்பிலும், ஃபயர்பாக்ஸ் 2018-இல் 62-ஆம் பதிப்பிலும், எட்ஜ் 2020-இல் 79-ஆம் பதிப்பிலும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. சஃபாரியில் முன்னொட்டு இல்லாமல் 10.1 முதல் வேலை செய்கிறது. மிகப் பழைய பிரௌசரில் திறந்தாலும் பக்கம் உடையாது. பழைய செவ்வகச் சுற்று மட்டுமே தெரியும்.

முதலில் மூன்று நிபந்தனைகள். ஒன்று, படம் ஃப்ளோட் ஆகியிருக்க வேண்டும், அதாவது ஓரமாக ஒதுங்கி எழுத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்க வேண்டும்; ஃப்ளோட் இல்லாத படத்துக்கு ஷேப்-அவுட்சைட் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. இரண்டு, அகலமும் உயரமும் தெளிவாகக் கொடுத்துவிடுவது நல்லது. சதவீதப் புள்ளிகள் அந்தப் பெட்டியை வைத்துத்தான் கணக்காகும். மூன்று, வடிவம் ஃப்ளோட்டின் மார்ஜின் பெட்டிக்குள்தான் (படமும் அதைச் சுற்றி விட்ட இடைவெளியும் சேர்ந்த செவ்வகம்) அடங்கும். பெட்டியைச் சுருக்கலாமே தவிர, அதைத் தாண்டி எழுத்தைத் தள்ள முடியாது.

வட்டத்தில் தொடங்குங்கள்

ஈத்தாமொழி நெட்டைத் தேங்காயைப் பற்றி ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். உரித்த தேங்காயின் சதுரப் படம், 200 பிக்சல். படத்தை வட்டமாக்க பார்டர்-ரேடியஸ் 50% கொடுப்போம். கண்ணுக்கு வட்டமாகும், எழுத்து மட்டும் சதுரத்தையே சுற்றும், ஏனென்றால் பார்டர்-ரேடியஸ் வரிகளின் ஓட்டத்தைத் தொடுவதில்லை. அதோடு இந்த மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்:

ஃப்ளோட்: லெஃப்ட்;
ஷேப்-அவுட்சைட்: சர்க்கிள்(50%);
மார்ஜின்-ரைட்: 0;

சேவ் பண்ணிப் பார்த்தால் பலரும் "வளையவே இல்லையே" என்பார்கள். வளைந்திருக்கும், தெரியாது. பிரௌசர் ஒவ்வொரு வரியின் முழு 30 பிக்சல் உயரத்தையும் பார்த்து, அந்த உயரத்துக்குள் வடிவம் எங்கே அதிகம் துருத்துகிறதோ அங்கிருந்துதான் வரியைத் தொடங்கும். 200 பிக்சல் வட்டத்தில் முதல் வரி 171-ஆம் பிக்சலில் தொடங்கும், இரண்டாவது 192-இல், மூன்றாவது 199-இல், நாலாவது 200-இல், ஐந்தாவது 198-இல், ஆறாவது 187-இல், ஏழாவது 160-இல். நடு வரிக்கும் முதல் வரிக்கும் 29 பிக்சல்தான் வித்தியாசம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை எழுத்து. அதே படத்தை 320 பிக்சல் ஆக்கினால் முதல் வரி 253-இல், நடு வரி 320-இல், வித்தியாசம் 67. இப்போது வளைவு கண்ணில் படும். தமிழுக்கு 300 பிக்சலுக்குக் குறைந்த வட்டத்தில் இந்த வேலையைச் செய்வது வீண் என்பது எங்கள் முடிவு.

வட்டத்துக்கும் எழுத்துக்கும் இடையே இடைவெளி விட ஷேப்-மார்ஜின் இருக்கிறது. 16 பிக்சல் கொடுத்தும் வட்டத்தின் நடுவில் இடைவெளி வராமல் எழுத்து ஒட்டியே நின்றால், மேலே சொன்ன மூன்றாம் நிபந்தனைதான் காரணம்: மார்ஜின்-ரைட் 0 ஆக இருப்பதால் ஷேப்-மார்ஜின் பெட்டி ஓரத்தில் வெட்டுப்படுகிறது. மார்ஜின்-ரைட்டையும் 16 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஆனால் மார்ஜின் கொடுத்ததும் இன்னொன்று நடக்கும். ஷேப்-அவுட்சைட் தன் அளவை மார்ஜின் பெட்டியிலிருந்து எடுக்கும். வட்டத்தின் மையமும் ஆரமும் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதைத் தடுக்க மதிப்பின் கடைசியில் பார்டர்-பாக்ஸ் (மார்ஜின் சேராத பெட்டி) என்று சேர்த்துவிடுங்கள்: ஷேப்-அவுட்சைட்: சர்க்கிள்(50%) பார்டர்-பாக்ஸ். இந்த ஒரு சொல் பல மணி நேரத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

வள்ளுவர் சிலையும் பாலிகனும்

ஒழுங்கற்ற வடிவத்துக்குக் கை கொடுப்பது பாலிகன், அதாவது புள்ளிகளை இணைத்து வரையும் பலகோணம். படம் 260 பிக்சல் அகலம், 520 பிக்சல் உயரம். சிலை மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை நிறைந்திருக்கும்படி வெட்டியது.

இடது ஃப்ளோட்டில் எழுத்து ஓடுவது வலப்பக்கம் மட்டும்தான். எனவே சிலையின் வலது விளிம்பை மட்டும் வரைந்தால் போதும். இடது பக்கம் முழுவதையும் 0-வில் விட்டுவிடலாம். சுற்றிச் சுற்றி நாற்பது புள்ளி குத்துகிறவர்கள் பாதி உழைப்பை யாரும் பார்க்காத பக்கத்தில் கொட்டுகிறார்கள்.

எத்தனை புள்ளி வேண்டும்? 520 பிக்சல் உயரத்தில் 30 பிக்சல் வரிகள் பதினேழுதான் அடங்கும். ஒரு வரி என்பது உயரத்தில் ஏறத்தாழ 5.8%. அதைவிட நெருக்கமாக வைத்த புள்ளிகளால் வரி நகரப்போவதில்லை. முகத்தின் மூக்கையும் விரலையும் செதுக்க வேண்டாம்; தலை, தோள், முழங்கை, இடுப்பு, பீடம் என்று முக்கியத் திருப்பங்கள் போதும்.

பீடம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. சிலை மொத்தம் 133 அடி: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக, மேலே நிற்கும் உருவம் 95 அடி. ஆக உருவம் உயரத்தில் 71.4%, பீடம் 28.6%. எட்ட இருந்து நேராக எடுத்த படம் என்றால் பீடத்தின் மேல்விளிம்பு மேலிருந்து 71% அருகே வரும். படகிலிருந்தோ பாறையில் நின்றோ அண்ணாந்து எடுத்த படத்தில் பீடம் கிட்டத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரியும். அந்தக் கோடு 60 சதவீதத்துக்கும் மேலே ஏறலாம். ஆகவே கணக்கை நம்பி விட்டுவிடாமல் படத்திலேயே அளந்துகொள்ளுங்கள். எட்ட எடுத்த படத்துக்கு இப்படி ஒரு பாலிகன் வரும், ஒவ்வொரு இணையிலும் முதலில் இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ்:

ஷேப்-அவுட்சைட்: பாலிகன்(0 0, 58% 0, 64% 10%, 78% 22%, 78% 38%, 70% 52%, 72% 71%, 100% 71%, 100% 100%, 0 100%) பார்டர்-பாக்ஸ்;
ஷேப்-மார்ஜின்: 16 பிக்சல்;
மார்ஜின்-ரைட்: 20 பிக்சல்;

பத்தே புள்ளி. பத்தியின் முதல் வரி படத்தின் மேல்விளிம்போடு சேர்ந்து தொடங்குகிறது என்று வைத்தால், பதின்மூன்றாம் வரி 360-ஆம் பிக்சலிலிருந்து 390 வரை இருக்கும். பீடம் தொடங்குவது 369-இல். வரியின் மேல் ஒன்பது பிக்சல் பீடத்துக்கு மேலே இருந்தாலும், மீதி பீடத்தைத் தொடுவதால் வரி முழுவதும் பீடத்துக்கு வெளியே தள்ளப்படும். ஷேப்-மார்ஜின் 16 கொடுத்த பிறகு பன்னிரண்டாம் வரியும் அப்படியே போகும், ஏனென்றால் அந்த இடைவெளி பக்கவாட்டில் மட்டுமல்ல, மேல்நோக்கியும் வளரும். பீடத்துக்கு மேல் ஒரு வரி வெற்றிடம் விட்டதுபோலத் தெரிவது இதனால்தான், பிழை அல்ல. பிடிக்கவில்லை என்றால் 71 என்ற இரண்டு எண்களையும் 75 ஆக்கிப் பாருங்கள்.

புள்ளிகளைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள். ஷேப்-அவுட்சைட் வரியில் பாலிகனுக்கு முன்னால் ஒரு சின்னக் குறி இருக்கும். அதை அழுத்தினால் படத்தின் மேல் புள்ளிகள் தோன்றும், இழுத்து நகர்த்தலாம். கோட்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் புதுப் புள்ளி வரும், புள்ளியின் மேல் செய்தால் அது நீங்கும். முடிந்ததும் மாறிய மதிப்பை நகலெடுத்து உங்கள் ஸ்டைல்ஷீட்டில் ஒட்டுங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் இன்ஸ்பெக்டரில் செய்தது எல்லாம் போய்விடும்.

இன்னொன்று பாக்கி. ஷேப்-அவுட்சைட் எழுத்தை மட்டும் நகர்த்தும், படத்தை வெட்டாது. வானம் இன்னும் இருக்கிறது, வரிகள் நீல வானத்தின் மேல் ஏறி ஓடும். அதே பாலிகனை கிளிப்-பாத் என்ற பண்புக்கும் கொடுத்தால் வலப்பக்க வானம் வெட்டுப்படும். கிளிப்-பாத் இயல்பாகவே பார்டர்-பாக்ஸை வைத்து அளக்கும், ஷேப்-அவுட்சைட் மார்ஜின்-பாக்ஸை வைத்து அளக்கும். இரண்டும் பொருந்தாமல் விலகி நிற்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால். மேலே சேர்த்த பார்டர்-பாக்ஸ் அதையும் தீர்த்துவிடும். பத்துப் புள்ளியில் வெட்டிய சிலை கண்ணுக்கு முரடாக இருக்கும் என்பதால், பின்னணியை நீக்கிய பிஎன்ஜி படத்தைப் போட்டு, எழுத்துக்கு மட்டும் பாலிகன் வைப்பதுதான் அழகு.

படமே வடிவம் சொல்லட்டும்

ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) மாதிரிப் பொருளுக்குப் புள்ளி வைப்பது சலிப்பான வேலை. சீப்புச் சீப்பாக உள்ளே போயும் வெளியே வந்தும் இருக்கும். பின்னணி நீக்கிய படம் இருந்தால் ஷேப்-அவுட்சைட்டுக்கு யூஆர்எல் மூலம் அந்தப் படத்தையே காட்டிவிடலாம். ஒளிபுகாத பிக்சல் எங்கே இருக்கிறதோ அதுவே வடிவம். ஜிம்ப்பில் பின்னணியை அழித்து பிஎன்ஜி அல்லது வெப்பி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது, முழுச் செவ்வகமும் வடிவமாகிவிடும்.

படத்தில் குலைக்குக் கீழே விழுந்த மெல்லிய நிழலையும், அழிப்பானுக்குத் தப்பிய தூசிப் பிக்சலையும் கண் பார்க்காது, பிரௌசர் பார்க்கும். வலது ஓரத்தில் ஒரே ஒரு மங்கல் பிக்சல் தங்கியிருந்தால்கூட அந்த வரி காரணமில்லாமல் விலகி நிற்கும். இதற்குத்தான் ஷேப்-இமேஜ்-த்ரெஷோல்ட். இயல்பு மதிப்பு 0. அப்படியென்றால் துளி ஒளிபுகாமை இருந்தாலும் அது வடிவத்தில் சேரும். 0.5 வையுங்கள், பாதிக்கு மேல் அழுத்தமான பிக்சல் மட்டும் கணக்கில் வரும். நிழல் கழியும், காய் நிற்கும்.

இந்த முறையில் ஏறத்தாழ எல்லோரும் ஒருமுறை மாட்டும் இடம் பாதுகாப்பு விதி. ஹெச்டிஎம்எல் ஃபைலை ஃபோல்டரில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் படம் தெரியும், வடிவம் வேலை செய்யாது. படத்தின் பிக்சல்களைப் படிக்க வேண்டுமானால் பக்கமும் படமும் ஒரே சர்வரிலிருந்து வர வேண்டும் என்று பிரௌசர் வற்புறுத்துகிறது. சொந்தக் கணினியில் சோதிக்க, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குப் போய்ப் பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி.சர்வரை 8000 போர்ட்டில் ஓட்டி, பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட்:8000 திறங்கள். படம் வேறு டொமைனில் இருந்தால், அந்தச் சர்வர் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலௌ-ஆரிஜின் என்ற ஹெடரை அனுப்ப வேண்டும். அது உங்கள் கையில் இல்லை என்றால் பாலிகனுக்குத் திரும்பிவிடுங்கள். படம் இறங்கி முடியும்வரை வரிகள் செவ்வகமாக நின்று, இறங்கியதும் குதித்து இடம் மாறும் என்பதும் இந்த முறையின் குறை. சிக்னல் மெலிந்த மலையோரத்தில் திறந்தால் அந்தக் குதிப்பு நன்றாகவே தெரியும். பாலிகனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. முப்பந்தல் காற்றாலையின் இறக்கைகளுக்கு நடுவே எழுத்து புகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் வலது கடைசி எல்லைதான் கணக்கு, இடையிலுள்ள காற்று காலியாகவே இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலம்போல நீளவாக்கில் கிடக்கும் படத்தைச் சுற்ற வைக்காமல் பத்தியின் முழு அகலத்துக்கும் போடுவதே நல்லது. படத்தை நடுவில் வைத்து இருபுறமும் எழுத்து ஓடவிடவும் ஃப்ளோட்டால் முடியாது.

தமிழ்ச் சொல்லின் நீளம்

640 பிக்சல் பத்தியில் 260 பிக்சல் சிலையும் 16 பிக்சல் இடைவெளியும் போக, பீடத்துக்குப் பக்கத்தில் மிஞ்சுவது 364. "கன்னியாகுமரியிலிருந்து" என்ற ஒரே சொல் 18 பிக்சல் எழுத்தில் 200 பிக்சலைத் தாண்டும். வரியில் இரண்டாவது நீளச் சொல் நுழையாமல் அடுத்த வரிக்குப் போகும். வலது ஓரம் பல் விழுந்ததுபோலாகும். ஓரத்தைச் சமன் செய்ய ஜஸ்டிஃபை போட்டால் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு வாசல் திறக்கும். இடது ஒழுங்கிலேயே விடுங்கள்.

இதே காரணத்தால் படத்தை இடப்பக்கம் வைப்பதுதான் தமிழுக்கு நல்லது. இடது ஃப்ளோட்டில் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் வடிவத்தைத் தொட்டு நிற்கும், தோளின் வளைவு அப்படியே தெரியும். வலது ஃப்ளோட்டில் வடிவத்தைத் தொட வேண்டியது வரியின் முடிவு; அது சொல் எங்கே முறிகிறதோ அங்கே நிற்பதால் வளைவு கலைந்துவிடும்.

நீளச் சொற்களை உடைக்க ஓவர்ஃப்ளோ-ரேப்பை எனிவேர் என்று வைப்பது ஆபத்து. இடம் போதாத இடத்தில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ஒரு வரி "ந்து" என்று மெய்யெழுத்தில் தொடங்கி நிற்கும். அதற்குப் பதில் நீங்களே முறிக்கும் இடத்தைக் காட்டுங்கள்: கன்னியா, குமரியி, லிருந்து என்று பிரியும் இடங்களில் டபிள்யூபிஆர் டேகைச் செருகினால், தேவைப்பட்டால் மட்டும் அங்கே முறியும், இணைப்புக்கோடு போடாது. தமிழ் அச்சிலும் சொல்லை இப்படிக் கோடில்லாமல் முறிப்பது பழகிய வழக்கம்தான்.

போனில்

360 பிக்சல் அகலத் திரையில் இருபக்கமும் 16 விட்டால் மிஞ்சுவது 328. 260 பிக்சல் சிலைக்குப் பக்கத்தில் 68 பிக்சலில் பெரும்பாலான சொற்கள் உட்காரா. தலைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு சிறு சொற்கள் ஒட்டிக்கொள்ளும், மற்றது எல்லாம் படத்துக்குக் கீழே இறங்கிவிடும். சிலையைச் சுருக்கினாலும் அதே கதை. திரையின் அகலத்தைப் பார்த்துச் செயல்படும் மீடியா விதியில் மின்-விட்த் 640 பிக்சல் என்று வைத்து, ஃப்ளோட், ஷேப்-அவுட்சைட், கிளிப்-பாத் மூன்றையும் அதற்குள்ளே மட்டும் எழுதுங்கள். போனில் படம் நடுவில் நிற்கட்டும், எழுத்து கீழே முழு அகலத்தில் ஓடட்டும்.

வேலை செய்யாவிட்டால்

படத்தின் தாய்ப்பெட்டி டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் நேரடிப் பிள்ளைகளுக்கு ஃப்ளோட் பலிக்காது. படத்தையும் பத்தியையும் சேர்த்து ஒரு சாதாரண டிவ்வுக்குள் போட்டால் சரியாகும். பொசிஷன் அப்சொல்யூட் கொடுத்த படத்துக்கும் இதே கதி.

பத்திக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் அல்லது டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் கொடுத்திருந்தால், அது தனிப் பெட்டியாகி ஃப்ளோட்டுக்குப் பக்கத்தில் செவ்வகமாக நின்றுவிடும், வளையாது. ரெடிமேட் தீம்களில் இது எங்கோ மேலே ஒளிந்திருக்கும்.

பத்திக்குப் பின்னணி நிறமோ பார்டரோ கொடுத்தால் அது வடிவத்தைச் சுற்றாது. படத்துக்கு அடியில் முழு அகலத்துக்கும் ஓடும். நகர்வது எழுத்து மட்டும்தான். புல்லட் பட்டியலையும் இடது ஃப்ளோட் பக்கத்தில் வைக்காதீர்கள், புள்ளிகள் படத்தின் மேல் ஏறும். அடுத்த தலைப்பு சிலையின் பீடத்தோடு ஒட்டிக்கொண்டால் அதற்கு கிளியர் போத் கொடுங்கள்.

கடைசியாக எழுத்தைப் பெரிதாக்கிச் சோதியுங்கள். கண் மங்கிய வாசகர் பிரௌசர் அமைப்பில் எழுத்தின் அளவை மட்டும் 27 பிக்சலுக்கு உயர்த்தினால், 520 பிக்சலில் நின்ற சிலைக்குப் பக்கத்தில் பதினேழு வரிக்குப் பதில் பதினொன்றுதான் நிற்கும், பக்கத்திலுள்ள இடமும் சொல்லுக்குப் போதாது. பக்கத்தின் எழுத்து அளவை ரெம்மிலும் (பக்கத்தின் அடிப்படை எழுத்து அளவை வைத்த அலகு), வரி உயரத்தை அலகில்லாமல் 1.67 என்றும் கொடுங்கள். பிறகு அளவுகளை எம் அலகில் (அந்த இடத்தின் எழுத்து அளவு ஒரு எம்) எழுதுங்கள்: சிலைக்கு 14.4 எம் அகலம், 28.9 எம் உயரம், ஷேப்-மார்ஜின் 0.9 எம். மீடியா விதியின் 640 பிக்சலையும் 40 எம் ஆக்குங்கள். அங்கே ஒரு எம் என்பது பிரௌசரின் அடிப்படை எழுத்து அளவு, வழக்கமாக 16 பிக்சல். எழுத்து வளர்ந்தால் சிலையும் வளரும், இடம் போதாதபோது தானாகவே போன் அமைப்புக்கு மாறும்.